எட்டுப் பெடல் வைத்திருந்த காலம்

நம் கிட்டார்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "கச்சேரிக்குப் புதுசா பெடல் போர்டு கட்டறேனுங்க. எது எது வாங்கலாம்?" முப்பது பேருக்கு மேல் பதில் போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஆளுக்கொன்று சேர்க்கச் சொன்னார்களே தவிர, இருப்பதில் ஒன்றை எடுத்துவிடு என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. நானும் பதில் எழுத ஆரம்பித்தேன். போனில் நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. எனக்குச் சொந்த ஊர் தெற்கே, தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு நிட்டிங் கம்பெனியில் வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு திருப்பூர் வந்தோம். சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன், அப்படியே மெல்லிசைக் குழுவுக்குள் போய்விட்டேன். இருபத்தாறு வருஷம் கல்யாண ரிசப்ஷன், கோயில் நோம்பி, கம்பெனி விழா என்று இந்த வட்டாரத்தில் நான் ஏறாத மேடை குறைவு. விரல் மூட்டு வலி வந்து மேடையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

ஒரு காலத்தில் என்னிடம், கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல் எட்டு இருந்தது. அவற்றை வரிசையாகப் பொருத்த, சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. கூடவே, சத்தத்தைப் பெரிதாக்க ஒரு வால்வு ஆம்ப். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர், மண்டபத்து வாசலில் முதலில் என் கண்ணில் படுகிறவர். தவில்காரர் தூக்கியிருக்கிறார், சமையல் மாஸ்டர் தூக்கியிருக்கிறார், ஒரு முறை மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமாவே பட்டு வேட்டியோடு தூக்கினார். பெட்டியைத் திறந்து விளக்குகள் மினுக்கியதும் நாலு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் அதைச் சுமந்தேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அப்போது கேட்டிருந்தால் ஒலித் தரம், அது இது என்று அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

எங்கள் குழுவை நடத்தியவர் அவிநாசிக்காரர். கீபோர்டு வாசிப்பார், எங்களுக்கெல்லாம் கீபோர்டு அண்ணன். பாடகி மல்லிகா அக்கா. அவர் பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நாளெல்லாம் மெஷினில் உட்கார்ந்து துணி ஓரம் அடிப்பார், முகூர்த்த நாளில் லீவு சொல்லிவிட்டுப் பாட வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சும்மா நின்றால் யார் கண்ணிலும் படமாட்டார். மைக் கைக்கு வந்தால் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் இலையை விட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவருக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. குரல் போகவில்லை, மேலே போகிற இடம் போய்விட்டது. அதைவிடச் சங்கடம், எந்த நாளில் எவ்வளவு வரும் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் நன்றாக ஏறும், மறுநாள் பாதியில் காற்றுதான் வரும். ஆறு மாதம் கச்சேரிப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் அவரே எனக்குப் போன் செய்தார்.

"ஆயுத பூசைக்கு எங்க கம்பெனியில கச்சேரி வெக்கறாங்களாமா. மொதல்ல அங்கியே பாடிக்கறனுங்க. எங்க லைன் புள்ளைங்க அத்தன பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துட்டுப் போனவிய. அவிய முன்னால வந்துச்சுன்னா அப்பறம் எங்க வேணாலும் பாடிருவேன்" என்றார்.

அவருக்கு அது இன்னொரு நிகழ்ச்சி இல்லை. இனிமேல் பாட முடியுமா முடியாதா என்பதை, தினமும் அதே மெஷின் லைனில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் முன்னால் தெரிந்துகொள்ளப் போகிறார். இதை நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கீபோர்டு அண்ணன் வீட்டில் ஒத்திகை. அக்காவின் தோழிகள் கேட்டிருந்தது ஒரு பழைய காதல் பாட்டு. முன்பெல்லாம் அதை அவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். சுருதி எவ்வளவு உயரம் என்பதற்கு நாங்கள் சொல்லும் கணக்கு கட்டை. இப்போது ஐந்தில் ஆரம்பிப்பது, முடியவில்லை என்றால் பல்லவி முடிந்து வரும் இடையிசையிலேயே இறக்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம். அக்கா இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் அரைக் கட்டை, இரண்டு விரல் என்றால் ஒரு கட்டை. கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. கிட்டாரில் கையை நகர்த்தினால் போதும். கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

"நீ மட்டும் அக்கா கையப் பாத்துக்க, ஸ்டீபா" என்றார் அண்ணன்.

"பாத்துக்கிடுதேன்ணே" என்றேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பனியன் கம்பெனிக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கம்ப்ரஸரில் ஏர் கன்னை மாட்டி ஒவ்வொரு மெஷினாக ஊதுவார்கள். ஒரு வருஷத்துப் பஞ்சு முழுக்க ஹாலில் பறக்கும். இது தெரிந்தும், ஆம்பையும் பெடல் பெட்டியையும் முந்தின நாள் சாயங்காலமே கொண்டுபோய் வைத்துவிட்டேன். காலையில் தூக்கித் திணற வேண்டாம் என்று ஒரு சோம்பேறித்தனம்தான். ஒயர்கள் எல்லாம் சொருகித் தயாராக இருக்கிறதே என்று மூடியைக்கூடப் போடவில்லை. வேறு ஊரில் வாசிக்கிறவனுக்கு இந்தத் தப்பைச் செய்ய வாய்ப்பே கிடைக்காது. திருப்பூரில் வளர்ந்த நான் செய்தேன்.

காலையில் போனால் பெட்டி முழுக்க வெள்ளையாகப் பஞ்சு. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த பெண்கள், என் எட்டுப் பெடலையும் மெஷின் கணக்கில் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே துண்டால் மேலாகத் துடைத்தேன். ஒயர் சொருகும் துளைகளுக்குள் என்ன போயிருக்கும் என்று யோசிக்கவில்லை.

நாலு கட்டிங் டேபிளை ஒன்றாகச் சேர்த்து, ஜமுக்காளம் விரித்து மேடை போட்டிருந்தார்கள். முதலில் ஒரு முருகன் பாட்டு, கீபோர்டு அண்ணனே பாடினார். அடுத்து அக்கா. அவர் மைக்கைப் பிடித்ததும் லைன் பெண்கள் கைதட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் பையன்கள்கூட பொரிப் பொட்டலத்தோடு முன்னால் வந்து நின்றார்கள்.

பல்லவியின் இரண்டாவது வரியில் என் கிட்டாரில் கரகரவென்று ஒரு சத்தம். எட்டுப் பெடல் என்றால், ஒயர் உள்ளே வர ஒன்று வெளியே போக ஒன்று என்று பதினாறு துளை. எதில் பஞ்சு? ஒரு கையால் வாசித்த மாதிரி பாவனை செய்துகொண்டே, குனிந்து ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்தேன். ஐந்தாவதில் சத்தம் நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சரியாக இடையிசை ஆரம்பிக்கும் இடம். ஒரு கம்பியைத் தட்டினால் இரண்டு குரலில் ஒலிக்கவைக்கும் பெடல் ஒன்று இருந்தது. ஐந்து கட்டைக்கென்று அதை முன்பே பதிந்து வைத்திருந்தேன். அதைக் காலால் மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு அமர்க்களமாக ஆரம்பித்தேன்.

நான் குனிந்திருந்த நேரத்தில் அக்கா பின்னால் கை வைத்து இரண்டு விரல் காட்டியிருக்கிறார். கீபோர்டு அண்ணன் பார்த்துவிட்டார், இறக்கிவிட்டார். நான் மட்டும் பழைய கட்டையில், அதுவும் இரண்டு குரலில், மேடையே அதிர வாசித்துக்கொண்டிருந்தேன். சுருதி சேராமல் காதில் ஏதோ கடித்தது. அப்போதும் நான் அக்காவைப் பார்க்கவில்லை, பெடலைத்தான் பார்த்தேன். என் சத்தம்தான் பெரிது, கூட்டத்தின் காதில் விழுவதும் அதுதான். பாட்டு உடைந்துபோகாமல் இருக்க, அண்ணன் வேறு வழியில்லாமல் என் கட்டைக்கே திரும்பி வந்தார். அக்கா அந்தக் கட்டையிலேயே சரணத்தைத் தொட்டார்.

இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. இன்னொரு முறை முயன்றார், வெறும் காற்று வந்தது. நிறுத்திவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, தொண்ட சரியில்லீங்க" என்று மைக்கில் சொன்னார். மைக்கை ஸ்டாண்டில் வைத்தார், டேபிளை விட்டு இறங்கினார். லைன் பெண்கள் ரொம்ப நேரம் கைதட்டினார்கள். அது பாட்டுக்குத் தட்டுகிற தட்டு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா நேராகத் தன் மெஷினுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மெஷினுக்குப் போட்டிருந்த மாலையைச் சும்மா சரிசெய்துகொண்டே இருந்தார். மீதிக் கச்சேரியை நாங்கள் எப்படியோ முடித்தோம்.

சாமான் ஏற்றும்போது கீபோர்டு அண்ணனிடம் பஞ்சைப் பற்றி நீளமாக விளக்கினேன். எந்தத் துளை, எப்படி அடைத்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்றெல்லாம். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பஞ்ச வுடு. நீ வாசிச்சதுல குத்தமில்ல. நீ பாக்கல, அவ்வளவுதான்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

இதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பெடல் பெட்டிக்கு நல்ல உறை தைக்கக் கொடுத்தேன். துளைகளைச் சுத்தம் செய்ய ஸ்பிரே வாங்கினேன். ஒயர்களை எல்லாம் மாற்றினேன். மூன்று வாரம் இதே வேலையாக இருந்தேன். ஒரு ஆள் பாட்டை விடப் போகிறார், நான் உறைக்கு ஜிப் வைக்கலாமா பட்டன் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் போன் செய்து, வேறு பாடகி பார்த்துக்கொள்ளச் சொல்லி மல்லிகா அக்கா சொல்லிவிட்டதாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்கூட்டரில் பெட்டி ஏறாது, ஆம்ப் ஏறவே ஏறாது. ஒயர் சொருக உள்ளே பிக்கப் வைத்த ஒரு சாதாரண மரக் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங் தம்பி, சமாதானஞ் சொல்ல வந்தீங்களா?" என்றார்.

"இல்லக்கா. உங்களுக்கு இப்ப எந்தக் கட்டை வருதுன்னு பாக்க வந்தேன்."

"அதப் பாத்து என்ன பண்ணப் போறீங்க. அன்னிக்கி மறுநாளு எங்க லைன்ல ஒரு புள்ள டீ வாங்கிக் குடுத்துட்டு, 'முடியலீன்னா எதுக்குங்க்கா செரமப்படறீங்க'ங்குது. நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. எனக்கு அந்த டீ எறங்குல."

நான் உட்கார்ந்து கிட்டாரைச் சுருதி சேர்த்தேன். அவர் கடைசித் துணி வரைக்கும் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதே பாட்டைத்தான் எடுத்தார். நாலில் வந்தது. டீ குடித்துவிட்டுப் பாடினால் நாலரையிலும் வந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்றிலேயே தடுமாறியது. எந்தக் கட்டை என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மேடையில், அந்த நிமிஷத்தில், அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். பதினாறு துளைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியாது.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். எடையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், தோள்வலி, பஸ், ஆட்டோ என்று. அதெல்லாம் உண்மைதான், ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. மேடையில் உங்கள் கண்ணை எத்தனை பொருள் இழுக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைக் குறையுங்கள். நான் கடைசி வரை கொண்டு போனது ஒரு கிட்டார், சுருதி பார்க்கக் கிட்டார் தலையில் மாட்டும் ஒரு சின்னக் கிளிப், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ ஒன்று சட்டைப் பையில், ஒயர் இரண்டு. இரண்டாவது ஒயர் முதலாவது கெட்டுப்போனால் மாற்ற. ஆம்ப் கிடையாது, நேராக மைக்செட்காரரின் மிக்ஸருக்கு. பழுது வந்தால் பார்க்க இரண்டே இடம்தான், குனியாமலே பார்த்துவிடலாம்.

இதில் ஒரு நஷ்டமும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில பாட்டுக்கு அந்தப் பழைய சத்தம் இல்லாமல் சப்பென்று இருக்கும். புதுப் பாட்டுகள் நிறைய வாசிக்கிற குழு என்றால் உங்களுக்கு இரண்டு பெடல் தேவைப்படலாம். வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குத் தேவை என்று வாங்கியதா, வேடிக்கை பார்க்கிற நாலு பேருக்காக வாங்கியதா என்பதை மட்டும் உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவை மறுபடி மேடைக்குக் கூட்டிவர இன்னும் இரண்டு ஞாயிறு ஆனது. குண்டடத்தில் ஒரு கல்யாணம், மாலை ரிசப்ஷன். தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர் என்பதால் ஒத்துக்கொண்டார். நான் முதுகில் ஒரு கிட்டாரோடு போய் நின்றதும் மைக்செட்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் வண்டியில வருதுங்களா?"

"இவ்வளவுதாங்க."

"ஏனுங், அந்த லைட்டு போட்ட பொட்டி என்னாச்சுங்க? எங்கூட்டுப் பசங்க அதப் பாக்கறக்குன்னே வருவானுங்க" என்றார். கொஞ்சம் குத்தத்தான் செய்தது.

அக்காவின் இரண்டாவது பாட்டு. பல்லவி பாதியில் அவர் கை கழுத்துக்குப் போனது. விரல் எதுவும் காட்டவில்லை. அண்ணன் அந்த நேரம் கீபோர்டில் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. போன முறை நடந்த மாதிரி ஆகிவிடக் கூடாது, நானாகவே ஒரு கட்டை இறக்கிவிடலாம் என்று கை துறுதுறுத்தது. ஆனாலும் பொறுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பினார். நான் புருவத்தைத் தூக்கினேன். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பல்லவியின் கடைசி வரியில்தான் கையைப் பின்னால் கொண்டுபோனார். ஒரே ஒரு விரல்.

அரைக் கட்டைதான் அவருக்குத் தேவைப்பட்டது. நான் அவசரப்பட்டு ஒரு கட்டை இறக்கியிருந்தால், பாட்டு அடிமட்டத்தில் போய் முனகியிருக்கும். அவருக்காக முடிவெடுப்பதும் அவரைப் பார்க்காமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கேப்போவை அரைக் கட்டைக்கு ஒரு கட்டம் கீழே நகர்த்தினேன், அண்ணனுக்குத் தலையால் சொன்னேன், சரணம் வந்தது. உச்சி வரியில் ஏறி நின்றார். பழைய குரல் இல்லை அது, கொஞ்சம் கனத்து, ஓரம் தேய்ந்த குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து மறைத்துக்கொள்ளக் காலடியில் ஒன்றும் இல்லாததால் அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் எங்களோடு பாடினார். ஊத்துக்குளி, தாராபுரம், பூண்டி என்று எங்கே கூப்பிட்டாலும் வந்தார். அவருடைய கம்பெனியிலும் எங்களை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மட்டும் பாட மாட்டார். வேறு பாடகி பாடுவார், அக்கா லைன் பெண்களோடு நின்று பொரி தின்றுகொண்டே கேட்பார். மூன்றாவது வருஷம் நான் கேட்டே விட்டேன்.

"அக்கா, இப்ப நான் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அது தெரியுமுங்க தம்பி. ஊரு முச்சூடும் உங்கள நம்பித்தான பாடறேன்" என்றார். "ஆனா இங்க கச்சேரி முடிஞ்சா நீங்க வண்டியேறிப் போயிருவீங்க. நான் மறுநாளு காத்தால எட்டரைக்கு இவிய பக்கத்துலதான் உக்காரோணும்."

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

போன மாதம் அக்கா வேலையை விட்டு நின்றார். கடைசி நாள் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. குரலில் ஒரே சிரிப்பு. மதியம் டீ நேரத்தில் லைன் பெண்கள் விடவில்லையாம். மெஷினை நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அந்தப் பாட்டை முழுசாகப் பாடியிருக்கிறார். மைக் இல்லை, கீபோர்டு இல்லை, நான் இல்லை.

"சரணம் அத்தனையும் வந்துச்சுங்க தம்பி" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. கூட இருந்து கேட்கவில்லையே என்று வலிக்கவும் செய்தது, இரண்டும் உண்மை. பழக்க தோஷத்தில், "எந்தக் கட்டையிலக்கா பாடுனீங்க?" என்று கேட்டேன்.

"அது யாருக்குங்க தெரியும்" என்றார் மல்லிகா அக்கா.